பதினாறு நாள் விடுப்பு

உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என் அம்மா ஆசிரியையாக இருந்தார். எட்டாம் வகுப்பு அவர் பொறுப்பு. காலையில் பெயர் வாசித்துக்கொண்டே வரும்போது ஏதாவது ஒரு பெயருக்கு 'உள்ளேன் டீச்சர்' வராது. மறுபடி கூப்பிடுவார். பெண்கள் வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருப்பவளைக் கிள்ளுவாள். கடைசியில் துணிச்சல்காரி ஒருத்தி எழுந்து, 'அவ பெரிய மனுசி ஆயிட்டா டீச்சர்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பையன்கள் பக்கம் எல்லாத் தலைகளும் குனிந்துகொள்ளும்.

அந்த வாரச் சனிக்கிழமை அம்மா ஒரு தாம்பாளத்தை எடுப்பார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், வளையல், ஒரு ரவிக்கைத் துணி. அதற்கு மேல் ஒரு கோனார் நோட்ஸ். தாம்பாளத்தைச் சுமக்கும் வேலை எனக்கு. அப்படிப் போன வீடுகளில் ஒன்று மட்டும் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. வாசல் ஓரம் தாய்மாமன் கட்டிய பச்சைக் கீற்றுக் குடிசை. உள்ளே பழைய பாயில் உட்கார்ந்திருந்தாள், என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவள். தனித் தட்டு, தனிச் சொம்பு, தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டும் வேப்பிலைக் கொத்தும். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை வாசல் வரைக்கும் வந்தது. அம்மா நோட்ஸை நீட்டியதும் அவளுடைய அப்பத்தா குறுக்கே வந்துவிட்டார். 'தீட்டோட பொஸ்தகத்தத் தொடலாமா டீச்சரு? சரஸ்வதியில்ல?'

'இது சரஸ்வதி இல்ல ஆத்தா, கோனார் நோட்சு' என்றார் அம்மா.

கிழவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நோட்ஸ் குடிசைக்குள் போனது. பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அடுத்த திங்கட்கிழமையே அவளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அரையாண்டுத் தேர்வு எழுதினாள், முழு ஆண்டும் எழுதினாள், எட்டாவது தேறினாள். ஒன்பதாம் வகுப்புக்கு உசிலம்பட்டிக்கு பஸ் ஏற வேண்டும். அனுப்பவில்லை. பதினாறு நாளுக்குத் தயாராக இருந்த என் அம்மாவிடம் அதற்கப்புறம் வரும் நாட்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சடங்கினால் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று பேசும்போது எல்லோரும் நாட்களைத்தான் எண்ணுகிறார்கள். ஒன்பது நாள், பதினொரு நாள், பதினாறு நாள், சில வீடுகளில் ஒரு மாதம். அந்த நாட்களை ஒரு நல்ல ஆசிரியை ஈடுகட்டிவிடலாம். சடங்கின் கனம் வேறிடத்தில் இருக்கிறது. அது ஓர் அறிவிப்பு. இந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் தயார் என்று ஊருக்கும் உறவுக்கும் மேளம் வைத்துச் சொல்வது. அந்த அறிவிப்புக்குப் பிறகு பெண்ணைப் பார்க்கும் கண்கள் மாறுகின்றன. அவள் நடக்கும் தெரு மாறுகிறது. எந்நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது மாறுகிறது. 'ஆளாயிட்டா', 'சமைஞ்சுட்டா', 'திரண்டுட்டா' என்று இதற்குத் தமிழில் எத்தனையோ சொல். 'புத்தியறிஞ்சுட்டா' என்றும் ஒன்று உண்டு. புத்தி அறிந்த அன்றோடு புத்தகத்தை மூடிவைத்த சமூகம் நம்முடையது என்பதை அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சடங்கு என்றாலே படிப்புக்குப் பகை என்றும் சொல்லிவிட முடியாது. உபநயனமும் சடங்குதான். அந்தச் சொல்லுக்கே அருகில் அழைத்துச் செல்வது என்றுதான் பொருள், குருவின் அருகில். பிராமணச் சிறுவனுக்கு எட்டு வயதில் பூணூல் போடுவது அவனைப் பாடத்தில் உட்காரவைப்பதற்காக. பெண்ணுக்கோ விவாகமே உபநயனத்தின் இடத்தில் என்று மனு ஸ்மிருதி வகுத்துவிட்டது. ஆக ஒரே அக்கிரகாரத்தில், ஏறக்குறைய ஒரே வயதில், அண்ணனுக்கு நடந்த சடங்கு பாடசாலைக்குள் நுழைவதற்கு, தங்கைக்கு நடந்தது வெளியேறுவதற்கு. பூப்படையும் முன்பே கல்யாணம் முடிந்துவிட வேண்டும் என்ற விதி அங்கே இறுக்கமாக இருந்தது. மற்ற சாதிகளில் பெரும்பாலும் பூப்புக்குப் பிறகே கல்யாணம், அதனால் பூப்பைத் திருவிழாவாக்கினார்கள். விதி இரண்டு விதமாக இருந்தும் பெண்ணின் பள்ளிக்கூடம் கிட்டத்தட்ட ஒரே வயதில்தான் முடிந்தது. உபநயனம் எல்லோருக்குமான கதவாகவும் இருந்ததில்லை. எந்தச் சாதிப் பையன் உள்ளே வரலாம், எவன் வரக்கூடாது என்று பிரித்ததும் அதே நூல்தான்.

1886-ஆம் ஆண்டில் பிறந்த இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளலாம். ஜூலையில் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி, ஆகஸ்டில் மயிலாப்பூரில் சுப்பலட்சுமி.

முத்துலட்சுமி பூப்படைந்ததும் பள்ளி நின்றது. தகப்பனார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வீட்டிலேயே பாடம் நடந்தது, மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து, ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் இடம் கேட்டபோது ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பதுதான் வாதம். அவள் படிப்பு என்னாகும் என்ற கவலை எதிர்த்தவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகே உள்ளே போக முடிந்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்தார். ஒரு பெண் பூப்புக்குப் பின் வகுப்பறையில் உட்கார ஒரு ராஜா தலையிட வேண்டியிருந்தது என்றால், ராஜா இல்லாத ஊர்களில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

சுப்பலட்சுமியின் கதை இன்னும் கசப்பானது. பூப்புக்கு முன்பே கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கைம்மை. சாதி வழக்கப்படி அவர் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிட்டது. ருது சாந்தி கிடையாது, புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நாள் குறிப்பது கிடையாது, பிள்ளைப்பேறு கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் அவர் அப்பா பாடப் புத்தகத்தை வைத்தார். 1911-இல் பட்டம் பெற்றபோது சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி அவர். கணவன் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பட்டம் வந்திருக்காது என்பதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

சுப்பலட்சுமி பிறகு செய்த காரியத்தில் எனக்கு மரியாதை அதிகம், கேள்விகளும் உண்டு. 1912-இல் பிராமண இளம் விதவைகளுக்கென்று சாரதா இல்லம் தொடங்கினார். பிறகு அது கடற்கரை ஐஸ் ஹவுசுக்கு மாறியது. ஆசாரத்தை அவர் எதிர்த்து நின்று சண்டை போடவில்லை. மடி, விழுப்பு, தனிச் சமையல் எல்லாவற்றையும் இல்லத்துக்குள் கடைப்பிடித்தார். சாதிக்கு வெளியே அந்தக் கதவு திறக்கவில்லை என்ற குறை நியாயமானது. ஆனால், பெண்ணை வெளியே அனுப்பவே அஞ்சிய அப்பாக்கள் அந்த ஆசாரத்தைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். அனுப்பிய பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். அவர்களை நம்பி அடுத்த தலைமுறைப் பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள். வளர்ந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் அனுப்ப மாட்டோம் என்பது அன்றைய பெரிய தடை. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக நியமிக்கக் கோரித் தீர்மானம் போட்டது. ஆசாரக்காரரும் சாமியே இல்லை என்றவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

சட்டம் மெல்ல வந்தது. 1891-இல் சம்மத வயது பத்திலிருந்து பன்னிரண்டானது, அதற்கே மதம் போயிற்று என்று நாடு முழுக்கக் கூச்சல். 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதைப் பதினான்காக்கியது. அமலுக்கு வர 1930 ஏப்ரல் 1 என்று நாள் குறித்ததும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று குழந்தைக் கல்யாணங்கள் அவசர அவசரமாக நடந்தன. சட்டத்துக்குப் பயந்து கல்யாணத்தை முன்னால் தள்ளிய அதே சமூகம், இன்னும் ஓர் ஐம்பது வருடத்தில் தேர்வுக்குப் பயந்து சடங்கைப் பின்னால் தள்ளப்போகிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று யாழ்ப்பாணம். உடுவிலில் 1824-இல் அமெரிக்க மிஷன் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி தொடங்கியது. பெண்ணைச் சிறு வயதில் சேர்க்கப் பெற்றோர் சம்மதிக்கலாம், சாமத்தியப்படும் வயதில் வந்து அழைத்துப்போய்விட்டால் என்ன செய்வது? மிஷன் ஒரு பேரம் பேசியது. படிப்பு முடியும்வரை பெண் பள்ளியில் இருக்க வேண்டும், அப்படி இருந்தால் கல்யாணத்துக்கான சீதனத்தைப் பள்ளியே தரும். மதம் மாற்றும் நோக்கம் அதில் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பெண்ணின் படிப்பு எங்கே அறுந்துபோகிறது என்பதை அவர்கள் துல்லியமாகப் பிடித்துவிட்டார்கள்.

மற்றொன்று கென்யா. கிக்குயு மக்களிடையே பெண் உறுப்பைச் சிதைக்கும் சடங்கு வழக்கிலிருந்தது. 1929-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷன் இந்தச் சடங்கைக் கைவிடுவதாக உறுதி கொடுக்க வேண்டும் என்று திருச்சபையாரையும் ஆசிரியர்களையும் கேட்டது. கொடுக்க மறுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இடம் கேள்விக்குறியானது. சடங்கு கொடுமையானது என்பதில் மிஷன் சொன்னது சரி. பள்ளியைப் பணயமாக வைத்ததுதான் தவறு. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மிஷன் பள்ளிகளை விட்டு வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் படிப்பை விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. கிராமத்தார் பணம் திரட்டிச் சொந்தமாகப் பள்ளிகள் கட்டினார்கள், 1939-இல் கித்துங்குரியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியே தொடங்கினார்கள். 1952-இல் அவசரநிலை வந்தபோது ஆங்கில அரசு அந்தப் பள்ளிகளை மூடியது. 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' வழியாக நம் வாசகர்கள் அறிந்த கூகி வா தியாங்கோ அப்படி ஒரு பள்ளியில் படித்தவர்தான். சடங்கையும் படிப்பையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், மக்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே அந்தச் சடங்கு நீடிக்க இந்த வீறாப்பும் ஒரு காரணம், அதன் வலியைத் தாங்கியவர்கள் பெண்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். காமராசர் காலத்தில் பள்ளிகளுக்கு ஒரு தூரக் கணக்கு இருந்தது. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி. அந்தக் கணக்கு எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரியை உண்டாக்கியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் காலில் நின்று அதைப் பாருங்கள். பாவாடை சட்டையோடு எங்கே வேண்டுமானாலும் ஓடலாம் என்ற வயதில் பள்ளி பக்கத்தில் இருக்கிறது. தனியாக எங்கும் போகாதே என்று வீடு சொல்லத் தொடங்கும் வயதில் பள்ளி ஐந்து மைலுக்குத் தள்ளிப்போகிறது. எட்டாம் வகுப்பு முடியும் வயதும் பூப்படையும் வயதும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. என் அம்மாவின் தாம்பாளம் தோற்றது அந்த இடத்தில்தான்.

1989-இல் தமிழக அரசு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. ஐயாயிரம் ரூபாய். நிபந்தனை, பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பணம், அதை வாங்கப் படிப்பு! உடுவில் மிஷன் பேசிய அதே பேரத்தை நூற்று அறுபத்தைந்து வருடம் கழித்து ஓர் அரசு பேசியது. சீர்திருத்தக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் உறுத்தல் இல்லை. பெண்ணைப் பெற்றவன் கல்யாணச் செலவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றால், அவன் நினைப்புக்குள் புகுந்துதான் பேச வேண்டும். பின்னால் நிபந்தனை பத்தாம் வகுப்பானது, 2011-இல் தாலிக்குத் தங்கமும் பட்டதாரிகளுக்குக் கூடுதல் தொகையும் சேர்ந்தன. 2022-இல் கல்யாணம் என்ற சொல்லே எடுபட்டு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆனது. நடுவில் 2001-இல் பதினொன்றாம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கு இலவச சைக்கிள் வந்தது, பிறகு அது எல்லோருக்குமானது. 2011-12-இல் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு நாப்கின். தீட்டைப் பற்றி யாரிடமும் எந்த அரசும் வாக்குவாதம் செய்யவில்லை. சைக்கிளைக் கொடுத்தது, நாப்கினைக் கொடுத்தது, பணத்தைக் கொடுத்தது.

இதனால் சடங்கு ஒழிந்ததா? எங்கே! இன்னும் பெருத்தது. மாமன் சீர்வரிசைத் தட்டு நூறைத் தாண்டுகிறது, மண்டபம், ட்ரோன் கேமரா, குதிரை வண்டி. இதன் அடியில் ஓடுவது மொய். இருபது வருடமாக மற்றவர் வீட்டில் எழுதிய மொய்யைத் திரும்ப வாங்க வீட்டில் ஒரு விசேஷம் வேண்டும். பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் கிடைக்கும் பெரிய விசேஷம் இதுதான். மொய் நோட்டில் கணக்கு நேராகும் வீடுகளும் உண்டு, கடனில் மூழ்கும் வீடுகளும் உண்டு. கடன்பட்ட வீட்டுப் பெண்கள் கொங்குப் பக்கத்து நூற்பாலைகளுக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் போனதும், முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் பணம் கல்யாணத்துக்கு என்று அதற்குச் சுமங்கலித் திட்டம் எனப் பெயர் வைத்ததும் இந்த மண்ணில் நடந்தவைதான். பிறகு அந்த பிளக்ஸ் பேனர். எட்டாவது படிக்கும் பிள்ளையின் படத்தைக் கிரீடம் வைத்து ஆறடிக்கு அச்சடித்து, அவள் பள்ளிக்கு பஸ் ஏறும் நிறுத்தத்திலேயே கட்டுகிறார்கள். விழா முடிந்தும் ஒரு மாதம் அது தொங்கும். அதன் கீழே நின்றுதான் அவள் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், குடிசையில் இருந்த பதினாறு நாளைவிட இந்த ஒரு மாதம் கொடியது.

பெருத்த சடங்கு ஒன்றில் மட்டும் இறங்கி வந்தது. தேதியில். முன்பெல்லாம் உடல் குறித்த நாள்தான் நாள், பள்ளி அதற்கு வழிவிட வேண்டும். இன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை வீட்டோடு முடித்து இரண்டு மூன்று நாளில் பெண்ணை வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். விழாவை மே மாதத்துக்குத் தள்ளுகிறார்கள். பத்தாவது முடியட்டும் என்று இரண்டு வருடம், மூன்று வருடம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். பூணூலும் இப்படித்தான் கோடை விடுமுறைக்கு வந்துவிட்டது, பல வீடுகளில் கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கே போய்விட்டது. பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் பொதுத்தேர்வு அட்டவணையை வைத்து முகூர்த்தம் பார்க்கும் ஜோசியர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவு, பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில் அப்போதுதான் பூப்படைந்திருந்த ஒரு சிறுமி தனிக் குடிசையில் படுத்திருந்தாள். தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், பூப்படைந்த எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ஆண்டுத் தேர்வு எழுதிய காணொளியைப் பார்த்தோம். தேர்வைத் தவறவிடாமல் வந்துவிட்டாள், வீடும் அனுப்பிவிட்டது, பள்ளிதான் அவளுக்குப் படிக்கட்டில் ஒரு குச்சு கட்டிக்கொடுத்தது. நூறு வருடமாக வீட்டோடு பேரம் பேசிக்கொண்டிருந்த கல்வித்துறை தன் வாத்தியார்களிடம் அந்தப் பேச்சைப் பேசவில்லை போலிருக்கிறது.

போன மாதம் பங்காளி வீட்டிலிருந்து பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் வந்தது. பெண் பதினொன்றாவது எழுதியிருக்கிறாள். அவளுக்கு ஆகி மூன்று வருடமாகிவிட்டது. அத்தை பெயருக்குப் பின்னால் பி.எட்., சித்தி பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி., மாமன்மார் பட்டியல் ஒரு பக்கம். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமன் பெயரையும் பார்க்கவில்லை, மண்டபத்தையும் பார்க்கவில்லை.

'தேதி என்னப்பா போட்டிருக்கு?'

'மே பதினேழு.'

'லீவுதான். போய்ட்டு வா' என்றார். பிறகு உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். 'பன்னண்டாவதுக்கு என்ன குரூப்புன்னு கேட்டுக்க. நோட்ஸ் வாங்கணும்ல.'